புக் செய்த பிறகும் குரூஸ் கேபின் கட்டணத்தைக் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விமான டிக்கெட் எடுத்தே பழகிய நமக்கு, பணம் கட்டியாயிற்று என்றால் விலைப் பேச்சு அதோடு முடிந்தது. கப்பல் பயணத்தில் அப்படி இல்லை. அமெரிக்காவில் குரூஸ் புக் செய்யும்போது முதலில் கட்டுவது டெபாசிட் மட்டும்தான். மீதியைக் கட்ட ஒரு கடைசித் தேதி உண்டு. அதை ஃபைனல் பேமென்ட் தேதி என்பார்கள். அதுவரை, அதே கப்பலில், அதே தேதியில், அதே வகை கேபினின் விலை இறங்கினால் பெரும்பாலான பெரிய கம்பெனிகள் உங்கள் பில்லையும் இறக்கித் தரும். ஆனால் கேட்டால்தான் தரும். விலை குறைந்திருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், கால்வெஸ்டன் போன்ற துறைமுகங்களில் இருந்து கிளம்பும், அமெரிக்காவில் டாலரில் புக் செய்த பயணங்களுக்கு. சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறவர்களுக்கும் இந்தியாவில் இருந்து புக் செய்கிறவர்களுக்கும் சில விஷயங்கள் மாறும். அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

விலை ஏன் ஏறி இறங்குகிறது

கப்பல் கிளம்பிய பிறகு காலியாக இருக்கும் கேபினால் கம்பெனிக்கு ஒரு காசு வராது. அதில் யாராவது இருந்தால், கேபினைச் சல்லிசாகக் கொடுத்திருந்தாலும் மதுபானம், கசினோ, வைஃபை, கரையில் சுற்றிப் பார்க்கும் டூர் என்று கப்பலுக்குள் செலவு செய்வார்கள். அதனால் கப்பலை நிரப்பியே தீர வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்து 100 சதவீதம் கணக்கிடுவதால், பிள்ளைகளும் மூன்றாவது நான்காவது ஆட்களும் சேரும்போது கப்பல்கள் 100 சதவீதத்தைத் தாண்டியே ஓடுகின்றன. 2024 ஜனவரியில் மயாமியில் இருந்து ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் இரண்டு இரண்டு பேராகக் கணக்கிட்டால் 5,610 பயணிகள். முழுக்க நிரப்பினால் சுமார் 7,600 பேர்.

இத்தனை பேரைச் சேர்க்க வேண்டியிருப்பதால் கம்பெனியின் கம்ப்யூட்டர் விலையை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு வகை வேகமாக விற்றால் ஏற்றும், தேங்கினால் இறக்கும். இன்டீரியர், அதாவது ஜன்னலே இல்லாத உள் கேபினின் விலை ஏறிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் பால்கனி விலை இறங்கலாம். சில நேரம் பால்கனி, ஜன்னல் கேபினைவிட மலிவாகக்கூடக் கிடைக்கும். அப்புறம், ஃபைனல் பேமென்ட் தேதி நெருங்கும்போது சும்மா டெபாசிட் கட்டிப் போட்டு வைத்திருந்தவர்கள் கேன்சல் செய்வார்கள். அந்தக் கேபின்கள் திரும்ப விற்பனைக்கு வரும். விலை அசைவதற்கு அது ஒரு முக்கியமான நேரம்.

எல்லாப் பயணத்திலும் விலை இறங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. புதிய கப்பலின் முதல் வருடம், கிறிஸ்துமஸ், தேங்ஸ்கிவிங், ஸ்பிரிங் பிரேக் வாரங்கள், டிஸ்னி கப்பல்கள் இவற்றில் பொதுவாக விற்பனை திறந்த நாள்களில் இருந்த விலைதான் குறைந்த விலை. பள்ளி லீவில் மட்டுமே போக முடிகிற குடும்பங்கள் சீக்கிரமே புக் செய்துவிட்டு, இறங்கினால் லாபம் என்று இருப்பதே சரி. செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் முதல் இரண்டு வாரம், ஜனவரி கடைசி போன்ற நேரத்தில் போகிறவர்களுக்குத்தான் இந்த வேலை அதிகம் பலன் தரும்.

படி 1: புக் செய்யும்போதே பார்க்க வேண்டியவை

விலை குறைப்பைக் கேட்க முடியுமா முடியாதா என்பது பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

டெபாசிட்டில் இரண்டு வகை. ரீஃபண்ட் உண்டு என்பது ஒன்று, ரீஃபண்ட் இல்லை என்பது இன்னொன்று. ரீஃபண்ட் இல்லாதது மலிவு. இணையத்தில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். ரீஃபண்ட் இல்லாத டெபாசிட் கட்டினால் விலை குறைப்பே கிடையாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அதே பயணத்தில் இருந்தபடியே விலையை மட்டும் மாற்றுவதற்குப் பொதுவாகத் தடை இல்லை. கப்பலையோ தேதியையோ மாற்றினால்தான் அபராதம். ராயல் கரீபியன் என்ற குரூஸ் கம்பெனியில் அது ஆளுக்கு 100 டாலர். கேன்சல் செய்தால் டெபாசிட் போய்விடும். ஆக, ரீஃபண்ட் இல்லாதவர்கள் 'கேன்சல் செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம்' என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. இருக்கும் புக்கிங்கிலேயே விலையை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்தது, யாரிடம் புக் செய்கிறோம். ஏஜெண்ட் மூலம் புக் செய்தால் அந்த புக்கிங் ஏஜெண்டின் கையில். நீங்கள் நேரடியாகக் கம்பெனிக்குப் போன் செய்தால், "உங்கள் ஏஜெண்டைக் கேளுங்கள்" என்று வைத்துவிடுவார்கள். நல்ல ஏஜெண்ட் அமைந்தால் அதைவிடச் சௌகரியம் கிடையாது. ஒரு வாட்ஸ்ஆப் செய்தியில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஏஜெண்டின் கமிஷன் கட்டணத்தில் ஒரு சதவீதம். உங்கள் விலை இறங்கினால் அவர் கமிஷனும் இறங்கும், வேலையும் கூடும். "கொஞ்சம் பொறுங்கண்ணா, இன்னும் இறங்குதான்னு பார்த்துட்டுப் போடலாம்" என்று நாளைக் கடத்துகிறவர்களும் உண்டு. அதற்குள் விலை பழையபடி ஏறிவிடும். அதனால் பணம் கட்டும் முன்பே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: விலை இறங்கினால் மாற்றித் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, வார இறுதியில் உங்களைப் பிடிக்க முடியுமா? கேன்சல் செய்தால் ஏஜென்சி தனியாகக் கட்டணம் பிடிக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

குழுவாகப் புக் செய்வது இன்னொரு வகை. தமிழ்ச் சங்கமோ நண்பர் வட்டமோ சேர்ந்து குரூப் விலையில் எடுத்திருந்தால், உங்கள் ஒரு கேபினுக்கு மட்டும் விலையைக் குறைக்கப் போனால் குரூப்பை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். குரூப்புக்குக் கிடைத்த சலுகைகளும் அதோடு போகும். முதலில் குழுவை ஒருங்கிணைப்பவரிடம் பேசுங்கள்.

படி 2: இன்வாய்ஸைப் பிரித்துப் படியுங்கள்

புக் செய்ததும் மின்னஞ்சலில் இன்வாய்ஸ் வரும். பெரும்பாலோர் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதில் இருந்து இவற்றை எடுத்து ஒரு இடத்தில் குறித்து வையுங்கள்: புக்கிங் எண், கேபின் எண், கேபின் வகையின் குறியீடு, ஒவ்வொருவரின் கட்டணம், வரியும் துறைமுகக் கட்டணமும், முன்கூட்டியே கட்டிய டிப்ஸ், கிடைத்த சலுகைகளின் பெயர், கப்பலில் செலவழிக்கத் தந்திருக்கும் ஆன்போர்டு கிரெடிட், ஃபைனல் பேமென்ட் தேதி.

இதில் குறியீடுதான் முக்கியம். பால்கனி என்று ஒரே பெயரில் நாலைந்து உள்வகைகள் இருக்கும். கப்பலின் நடுப்பகுதி, முனை, மேல்தளம், சற்று மறைக்கப்பட்ட பார்வை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, தனி விலை. 'பால்கனி இவ்வளவு முதல்' என்று விளம்பரத்தில் வருவது அதில் மிக மலிவான உள்வகையின் விலை. அதைக் காட்டி உங்கள் நடுக்கப்பல் பால்கனிக்கு விலை குறையுங்கள் என்றால் நடக்காது.

ஃபைனல் பேமென்ட் தேதி கம்பெனிக்குக் கம்பெனி, பயணத்தின் நீளத்துக்கு ஏற்ப மாறும். ராயல் கரீபியனில் 4 இரவு வரையான பயணங்களுக்கு 75 நாள் முன்பு, 5 இரவும் அதற்கு மேலும் என்றால் பொதுவாக 90 நாள் முன்பு. நார்வீஜியனில் பெரும்பாலும் 120 நாள். ஏஜெண்ட் மூலம் போட்டவர்களுக்கு, ஏஜென்சி தன் வசதிக்கு இதற்கும் சில நாள் முன்பே ஒரு தேதி வைத்திருக்கும். அந்தத் தேதியை காலண்டரில் போட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பும் மூன்று நாள் முன்பும் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்ன யோசனை. கையில் பணம் இருக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் முன்னாடியே கட்டாதீர்கள். பாக்கி இருக்கும்போது விலை இறங்கினால் கட்ட வேண்டிய பாக்கி குறையும், அவ்வளவுதான். முழுக்கக் கட்டிவிட்ட பிறகு இறங்கினால் ரீஃபண்ட் வரக் காத்திருக்க வேண்டும். அது கார்டில் வந்து சேரச் சில வாரம்கூட ஆகலாம்.

படி 3: விலையைக் கண்காணிப்பது

வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். செவ்வாய்க்கிழமை இரவு மலிவு, நள்ளிரவில் மலிவு என்றெல்லாம் சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சலுகையின் பெயர்தான் அடிக்கடி மாறும். ஜனவரி முதல் மார்ச் வரை 'வேவ் சீசன்' என்று இந்தத் தொழிலில் சொல்கிற பெரிய விற்பனைக் காலம், அப்புறம் நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே. இந்த இரண்டு சமயத்திலும் சற்றுக் கூடுதலாகக் கவனியுங்கள். ஃபைனல் பேமென்ட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் தினமும் ஒருமுறை பாருங்கள்.

குரூஸ் கிரிட்டிக், குரூஸ் பிளம் போன்ற தளங்களில் உங்கள் பயணத்தைக் குறித்து வைத்தால் விலை அசைந்ததும் மின்னஞ்சல் வரும். ஆனால் அவை காட்டுவது பெரும்பாலும் 'பால்கனியில் மிக மலிவானது' என்ற விலை. அதை ஒரு மணியோசையாக மட்டும் எடுத்துக்கொண்டு, உண்மையான விலையைக் கம்பெனியின் தளத்தில் நீங்களே பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? புதிதாகப் புக் செய்கிறவர் போலவே உள்ளே போங்கள். உங்கள் குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பேர், பிள்ளைகளின் சரியான வயது, நீங்கள் வசிக்கும் மாநிலம், 55 வயதைத் தாண்டியவர் இருந்தால் அதுவும், கம்பெனி தன் பழைய வாடிக்கையாளருக்குத் தரும் லாயல்டி எண் இருந்தால் அதுவும் கொடுங்கள். சில மாநிலத்தவருக்கும் மூத்தவர்களுக்கும் தனி விலை வரும். அதே குறியீடுள்ள கேபினைத் தேர்ந்தெடுத்து, கார்டு எண் கேட்கும் பக்கம் வரை போய், அங்கே வரும் மொத்தத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு பேர் என்று போட்டுத் தலைக்கு எவ்வளவு என்று பார்ப்பது, நான்கு பேர் போகும் குடும்பத்துக்குப் பயன்படாது.

விலை காட்டும் முறையும் மாறியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், மறைமுகக் கட்டணங்களைச் சேர்த்தே விலையை விளம்பரம் செய்ய வேண்டும் என்கிறது. அதன் பிறகு பல கம்பெனிகள் வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்த விலையைக் காட்டத் தொடங்கின. உங்கள் பழைய இன்வாய்ஸில் வரி தனியாக இருக்கும். திரையில் சேர்ந்து வரும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மலிவாகத் தெரிகிற விலை இரண்டு காரணத்தால் பொய்யாக இருக்கலாம். முதலாவது, நீங்கள் வைத்திருப்பது ரீஃபண்ட் உள்ள டெபாசிட், திரையில் இருப்பது ரீஃபண்ட் இல்லாத விலை. இரண்டாவது, அது கேரண்டி கேபின். கேரண்டி என்றால் வகை மட்டும்தான் உறுதி. எந்தக் கேபின் என்பதைக் கப்பல் கிளம்பும் நாள் நெருங்கும்போது அவர்களே ஒதுக்குவார்கள். லிஃப்டுக்குப் பக்கத்திலோ, நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழேயோ வரலாம். பாட்டி தாத்தாவுக்குப் பக்கத்துக் கேபின் என்று பார்த்துப் பார்த்து எடுத்தவர்கள், 60 டாலருக்காக இதற்குப் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். இரண்டே பேர், எங்கே படுத்தாலும் தூக்கம் வரும் என்றால் தாராளமாகப் போகலாம்.

படி 4: உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள்

விலையை மாற்றும்போது பழைய சலுகைகள் போய், இன்றைக்கு இருக்கும் சலுகைகள்தான் வரும். பழைய சலுகையும் வேண்டும், புதிய விலையும் வேண்டும் என்பது நடக்காது. ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கால்வெஸ்டனில் இருந்து 7 இரவு, ஒரே பால்கனி கேபின்.

புக் செய்த அன்று: பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,350, அதாவது 2,700 டாலர். பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்ற சலுகை. வரி நான்கு பேருக்கும் சேர்த்து 600. மொத்தம் 3,300. கூடவே 100 டாலர் ஆன்போர்டு கிரெடிட். எப்படியும் கப்பலில் அதைச் செலவழிப்போம் என்றால், கையை விட்டுப் போவது 3,200.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் கட்டணம் 1,190 ஆகிவிட்டது. தலைக்கு 160 டாலர் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பிள்ளைகள் சலுகை முடிந்துபோய் ஆளுக்கு 249 விழுகிறது. 2,380, பிள்ளைகளுக்கு 498, வரி 600, மொத்தம் 3,478. கிரெடிட்டும் இல்லை. விலை குறைந்தது என்று ஆசையாகப் போன் செய்தால் 278 டாலர் நஷ்டம்.

இன்னும் சில வாரம் போனதும் பெரியவர் கட்டணம் 1,240, பிள்ளைகளுக்கு மறுபடி கட்டணம் இல்லை, கிரெடிட் 50 டாலர். 2,480, வரி 600, மொத்தம் 3,080. கிரெடிட்டைக் கழித்தால் 3,030. இப்போது பழைய 3,200க்கு 170 டாலர் லாபம். முந்தையதைவிடப் பெரியவர் கட்டணம் 50 டாலர் கூடுதலாக இருந்தும், இதுதான் நல்ல விலை.

'இரண்டாவது ஆளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி' போன்ற விளம்பரங்களுக்கும் இதே மருந்துதான். முதல் ஆளின் விலை ஏறியிருந்தால் அந்த 60க்கு அர்த்தம் கிடையாது. கடைசிப் பக்கத்து மொத்தம் மட்டும்தான் கணக்கு. தனியாகப் போகிறவர்கள் இரண்டு பேர் கட்டணத்தையும் தாங்களே கட்ட வேண்டியிருப்பதால், அவர்களும் தலைக்கு எவ்வளவு என்பதைப் பார்க்காமல் மொத்தத்தைப் பார்ப்பது நல்லது.

படி 5: போன் செய்து கேட்பது

சில கம்பெனிகள் இதற்கு இணையத்தில் படிவம் வைத்திருக்கின்றன. கார்னிவலின் 'ஏர்லி சேவர்' கட்டணத்தில் போட்டவர்கள், விலை இறங்கினால் படிவம் நிரப்பி வித்தியாசத்தை ஆன்போர்டு கிரெடிட்டாகக் கேட்கலாம். ராயல் கரீபியனில், புக் செய்து 48 மணி நேரத்துக்குள் விலை இறங்கியதைக் காட்டினால் வித்தியாசத்தின் 110 சதவீதத்தை ஆன்போர்டு கிரெடிட்டாகத் தருவது என்று ஓர் உத்தரவாதம் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட உத்தரவாதங்களின் நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருப்பதால், கேட்கும் அன்றைக்குக் கம்பெனியின் தளத்தில் என்ன இருக்கிறதோ அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். மற்றபடி வேலை போனில்தான்.

போன் எடுப்பவரிடம் கேன்சல் என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள். "இந்த புக்கிங்கை ரீப்ரைஸ் செய்ய வேண்டும், கேபின் எண் மாறக் கூடாது" என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும். ரீப்ரைஸ் என்றால் அதே புக்கிங்கில் விலையை மட்டும் மாற்றுவது; சொன்னதும் அவர்களுக்குப் புரியும். குறியீட்டையும் நீங்கள் பார்த்த மொத்தத்தையும் சொல்லுங்கள். அவர் கணினியில் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். அப்போதே சரி என்று சொல்லிவிடக் கூடாது. மாற்றுவதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: வரி எல்லாம் சேர்ந்து புதிய மொத்தம் எவ்வளவு? எந்தச் சலுகை போகிறது, எது வருகிறது? டெபாசிட் வகை மாறுகிறதா? பதிலைத் தாளில் எழுதிக்கொண்டு, படி 4இல் போட்ட கணக்கோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்ல வேண்டும். மாற்றிய பிறகு பழைய விலைக்குத் திரும்ப முடியாது.

சில நேரம் எதிரில் பேசுகிறவர், முடியாது, அது புது வாடிக்கையாளருக்கு மட்டும் என்று சொல்வார். உண்மையிலேயே அப்படிப்பட்ட சலுகைகள் உண்டு. விதி தெரியாமல் சொல்கிறவர்களும் உண்டு. வாக்குவாதம் செய்து பயனில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி அழையுங்கள். வேறு ஒருவர் எடுப்பார். இரண்டாவது ஆளும் அதையே சொன்னால் அதுதான் விதி என்று எடுத்துக்கொள்ளலாம். போனைவிடத் திரை வேகம் என்பதும் நினைவிருக்கட்டும். காலையில் பார்த்த விலை மாலையில் இல்லாமல் போகலாம். குறைவாகத் தெரிந்தால் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

வித்தியாசத்தை விலைக் குறைப்பாகத் தராமல், அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாகத் தருகிறோம் என்றால் யோசியுங்கள். அதற்குக் காலக்கெடு இருக்கும். ஃபைனல் பேமென்ட்டுக்கு முன்னால் நேரடி விலைக் குறைப்பைக் கேட்பதே முறை.

படி 6: புதிய இன்வாய்ஸைச் சரிபாருங்கள்

போனை வைப்பதற்கு முன்பே புதிய இன்வாய்ஸ் மின்னஞ்சலில் வந்துவிட்டதா என்று பாருங்கள். கேபின் எண், பெயர்கள், சாப்பாட்டு நேரம், உறவினர் புக்கிங்குடன் இணைத்தது, சக்கர நாற்காலி அல்லது உணவு ஒவ்வாமை போன்ற குறிப்புகள், முன்கட்டிய டிப்ஸ் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா? விலை மாற்றும்போது இவற்றில் ஏதாவது ஒன்று உதிர்ந்துபோவது அபூர்வம் இல்லை. பயணக் காப்பீட்டைத் தனியாக வாங்கியிருந்தால், பயணச் செலவு குறைந்ததை அந்தக் கம்பெனிக்கும் சொல்லுங்கள். பிரீமியமும் குறையக்கூடும்.

ஒருமுறை குறைத்ததோடு நிறுத்த வேண்டியதில்லை. ஃபைனல் பேமென்ட் தேதி வரை எத்தனை முறை இறங்கினாலும் கேட்கலாம்.

படி 7: ஃபைனல் பேமென்ட் முடிந்துவிட்டால்

இதற்குப் பிறகு உங்கள் பிடி தளர்ந்துவிடும். கேன்சல் செய்தால் அபராதம் கட்டணத்தில் ஒரு பங்கில் தொடங்கி, கிளம்பும் நாள் நெருங்க நெருங்க ஏறி, கடைசி வாரங்களில் முழுத்தொகையே போய்விடும். உங்களால் விலக முடியாது என்று கம்பெனிக்குத் தெரியும். ஆகவே கடைசித் தேதிக்கு முந்தின நாளே ஒருமுறை கடைசியாகப் பார்த்துவிடுங்கள். அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கெடு எந்த நேரத்தில் முடிகிறது என்பது அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் இருக்கலாம், போன் வரிசையும் நீளமாக இருக்கும்.

கெடு தாண்டியும் சில வழிகள் உண்டு. விலை நன்றாக இறங்கியிருந்தால், வித்தியாசத்துக்குப் பதில் ஆன்போர்டு கிரெடிட்டோ மேல் வகை கேபினோ கிடைக்குமா என்று கேட்கலாம். தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஆனாலும் தருவது உண்டு. அதைவிட நல்ல வழி, மேல் வகையின் இன்றைய விலையைப் பார்ப்பது. நீங்கள் ஜன்னல் கேபினுக்குக் கட்டியது 2,400, இன்றைக்குப் பால்கனி 2,500 என்றால், 100 டாலர் கட்டி மாறுகிறேன் என்று கேளுங்கள். கம்பெனிக்கு வரும் பணம் கூடுகிறது என்பதால் இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

ஏலம் என்பது இன்னொரு வழி. ராயல் கரீபியனில் 'ராயல் அப்', செலிப்ரிட்டியில் 'மூவ் அப்', நார்வீஜியனில் 'அப்கிரேட் அட்வான்டேஜ்' என்ற பெயர்களில், மேல் வகை கேபினுக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகையைக் குறிப்பிடலாம். இதில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். குறிப்பிடும் தொகை ஆளுக்கு. 150 என்று போட்டால் 300 பிடிப்பார்கள், கேபினில் நீங்கள் ஒருவர்தான் என்றாலும் இரண்டு பேருக்கு. எந்தக் கேபின் என்பதை நீங்கள் தேர்வு செய்ய முடியாது. ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பித் தர மாட்டார்கள். ராயல் கரீபியனில் ஏலத்தில் ஏறிய கேபினுக்கு உண்டான கூடுதல் லாயல்டி புள்ளிகளும் வராது; முதலில் புக் செய்த வகைக்குத்தான் வரும். ஏலத்துக்கு முன்னால் அதே வகைக்கு இன்றைய நேரடி விலை வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். நேரடியாகவே அதைவிடக் குறைவாகக் கிடைக்கும் நாள்களும் உண்டு.

கேபினோடு நின்றுவிடாதீர்கள்

மதுபானப் பேக்கேஜ், வைஃபை, ஸ்பெஷல் உணவகம், கரைச் சுற்றுலா ஆகியவற்றின் விலையும் இதே போல் ஆடும். இவற்றில் உங்கள் கை இன்னும் ஓங்கியிருக்கும். ராயல் கரீபியன் தளத்தில் இவற்றை முன்கூட்டியே வாங்கும் பகுதியான குரூஸ் பிளானரில் வாங்கியவற்றின் விலை இறங்கினால், போன்கூடச் செய்யாமல் நீங்களே பழையதைக் கேன்சல் செய்து புதிய விலையில் வாங்கிக்கொள்ளலாம். கப்பல் கிளம்பச் சில நாள் முன்பு வரை இதற்கு வழி இருக்கும். புதியதை முதலில் வாங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை விடுங்கள். குடும்பமாகப் போகிறவர்கள் மதுபானப் பேக்கேஜில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். ஒரே கேபினில் ஒரு பெரியவர் முழுப் பேக்கேஜ் வாங்கினால் மற்றப் பெரியவரும் வாங்க வேண்டும் என்பது பொது விதி. அப்பா மட்டும் குடிப்பார் என்ற வீட்டில், விலை இறங்கினாலும் அது லாபமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபினைக் கேன்சல் செய்து வேறு எண்ணில் புக் செய்தால் இவை எல்லாம் பழைய எண்ணோடு போய்விடும். மலிவு விலையில் பிடித்து வைத்த பேக்கேஜ் ஒன்று இருந்தால், அதைத் திரும்ப வாங்க எவ்வளவு ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சிங்கப்பூர், இந்தியா

சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் பயணங்களும் சிங்கப்பூர் அல்லது இந்திய ஏஜெண்ட் மூலம் போட்டவையும் அந்தந்த நாட்டின் விதிப்படிதான் நடக்கும். கம்பெனி ஒன்றே என்பதால் அமெரிக்கத் தளத்தில் இருக்கும் உத்தரவாதத்தைக் காட்டி இங்கே கேட்க முடியாது. டெபாசிட் வகை, கெடு, விலைக் குறைப்பு உண்டா என்ற மூன்றையும் ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்குவதுதான் வழி. பல இந்திய ஏஜென்சிகள் கேபின், விமானம், விசா, ஹோட்டல் என்று ஒரே பேக்கேஜாகக் கட்டி விற்கின்றன. அதில் கேபின் விலை எவ்வளவு என்பதே தெரியாது. தெரியாத விலையைக் குறைக்கச் சொல்லவும் முடியாது. புக் செய்யும் முன் கேபின் கட்டணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தியக் கார்டில் டாலரில் நேரடியாகக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் வரை போகும். ரீஃபண்ட் வரும்போது அன்றைய மாற்று விலையில்தான் வரும், பிடித்த கட்டணம் திரும்ப வராமலும் போகலாம். ஆகவே கேன்சல் செய்து, பணத்தைத் திரும்ப வாங்கி, மறுபடி கட்டுவது என்ற சுற்று வேண்டாம். டெபாசிட் மட்டும் கட்டிவிட்டு, பாக்கியில் விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டு, கெடு நெருங்கும்போது மீதியைக் கட்டினால் அந்தச் செலவு ஒரே ஒரு தடவையோடு போகும்.